எண்ணெய்க் குழாய்ப் போராட்டத்துக்குப் போகுமுன்

கோவை இருகூரிலிருந்து பெங்களூரு அருகே தேவனகொந்தி வரை பெட்ரோலியக் குழாய் பதிக்கும் பாரத் பெட்ரோலியத்தின் திட்டத்தை எதிர்த்துக் கொங்கு விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு ஏற்பட்டுக் கச்சா எண்ணெய் வயலில் பரவியது. அன்று தடியடியும் கைதும் நடந்தன. நாகூர் பட்டினச்சேரியில் 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் சி.பி.சி.எல். குழாய் கசிந்து எண்ணெய் கடலில் கலந்தது. குழாயையே எடுத்துவிட வேண்டும் என்று மீனவர்கள் பிடித்த பிடியில் நின்றார்கள். கடைசியில் நிறுவனம் இறங்கி வந்தது.

இப்படி ஒரு செய்தி வந்ததும் சென்னையிலும் கோவையிலும் இருக்கும் மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், சூழலியல் ஆர்வலர்கள் கேட்பது ஒன்றுதான்: “நாங்களும் வரலாமா? வந்தால் என்ன செய்ய வேண்டும்?” தாராளமாக வரலாம். அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(பி) பிரிவு தருகிறது. ஆனால் குழாய்த் திட்டங்களைக் கோஷம் மட்டும் நிறுத்தியதாக வரலாறு இல்லை. குழாய் பூமிக்குள் இறங்குவதற்கு முன்னால் காகிதத்தில் இறங்குகிறது. அந்தக் காகிதத்தைக் காகிதத்தால் மறித்து, அதற்குப் பின்னால் கூட்டமும் நின்ற இடங்களில்தான் திட்டங்கள் தடுமாறியிருக்கின்றன. வெளியூரிலிருந்து போகிறவருக்கு இந்த இரண்டிலும் வேலை இருக்கிறது.

யாருடைய போராட்டம் இது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஊர்க்காரர் கேட்பதும் நீங்கள் கேட்பதும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம் என்பது. கொங்கு விவசாயிகளின் முதன்மைக் கோரிக்கை, குழாயைத் தோட்டத்துக்குள் கொண்டுவராமல் சாலையோரமாகக் கொண்டுபோங்கள் என்பதுதான். பெட்ரோலே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நீங்களோ காலநிலை நீதியை முன்வைத்து வருகிறீர்கள். புதிய எண்ணெய்க் குழாயே கூடாது என்பது உங்கள் நிலை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் மேடையில் மைக்கைப் பிடித்தால், மறுநாள் பேச்சுவார்த்தையில் நிறுவன அதிகாரி விவசாயியைப் பார்த்து, “உங்கள் ஆட்களே சாலையோரமும் வேண்டாம் என்கிறார்களே?” என்று கேட்பார். பாதிப்பு விவசாயிக்குத்தான்.

இந்தச் சிக்கலை நன்றாகக் கையாண்ட இடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா. கனடாவின் ஆல்பர்ட்டா எண்ணெய் மணலிலிருந்து நாளொன்றுக்கு 8,30,000 பீப்பாய் கொண்டுவரத் திட்டமிடப்பட்ட கீஸ்டோன் எக்ஸ்எல் குழாயை அங்கே எதிர்த்தவர்களில் பலர் பழமைவாதக் கட்சிக்கு வாக்களிக்கும் பண்ணைக்காரர்கள். நிலமும் நிலத்தடி நீரும்தான் அவர்களுடைய கவலை. பூர்வகுடிகளுக்கு உடன்படிக்கை உரிமை, நகரத்து இளைஞர்களுக்குப் புவி வெப்பமாதல். 2014 ஏப்ரலில் பண்ணைக்காரர்களும் பூர்வகுடிகளும் வாஷிங்டனில் குதிரையில் ஊர்வலம் போய்க் கூடாரம் அடித்தார்கள். யாரும் அடுத்தவருடைய காரணத்தை மாற்றச் சொல்லவில்லை. எதிர்ப்பது ஒரே குழாயை என்பது மட்டும் போதுமானதாக இருந்தது. 2015 நவம்பரில் ஒபாமா அனுமதி மறுத்தார், டிரம்ப் திரும்பக் கொடுத்தார், 2021 ஜனவரியில் பைடன் ரத்து செய்தார். அந்த ஆண்டு ஜூனில் நிறுவனமே திட்டத்தைக் கைவிட்டது.

ஆகவே ஊருக்குப் போனதும் போராட்டக் குழுவை நடத்துகிறவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். உங்கள் கோரிக்கை என்ன? நாங்கள் பேச வேண்டுமா, உட்கார்ந்திருந்தால் போதுமா? எந்தக் கோஷம் வேண்டாம்? பதாகையை அவர்கள் எழுதித் தரட்டும். உங்கள் அமைப்பின் கொடியோ பெயரோ தேவையில்லை என்றால் பையிலேயே இருக்கட்டும். நீங்கள் மாலையில் பேருந்து ஏறிவிடுவீர்கள். வருவாய்த் துறையிடமும் காவல் நிலையத்திலும் மறுநாள் போய் நிற்கப் போகிறவர் ஊர்க்காரர்தான். முடிவெடுக்கும் உரிமையும் அவருக்குத்தான்.

காலநிலை நீதியை எப்படிப் பேசுவது?

பேசச் சொன்னால், கணக்கோடு பேசுங்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அதை எரித்தால் ஏறத்தாழ 430 கிலோ கரியமில வாயு வெளியாகும். நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய் போகும் குழாய் என்றால் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல். குழாயை ஒருமுறை பதித்துவிட்டால் முதலீட்டை எடுப்பதற்காகவே முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓட்டுவார்கள். இன்று பதிக்கும் குழாய் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை எண்ணெயைக் கட்டாயமாக்குகிறது என்பதுதான் காலநிலை வாதத்தின் மையம். 2050க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டும் பாதையில் புதிய எண்ணெய், எரிவாயு வயல்கள் தேவையில்லை என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021 மே மாதம் சொன்னது. இதைச் சொன்னது எந்தச் சூழலியல் அமைப்பும் இல்லை, எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பணக்கார நாடுகள் தங்கள் எரிபொருள் பாதுகாப்புக்காக உருவாக்கிய முகமை.

எதிர்வாதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். “குழாய் வந்தால் டேங்கர் லாரிகள் குறையும், விபத்து குறையும்” என்பார்கள். இந்தியாவின் தனிநபர் உமிழ்வு உலகச் சராசரியில் பாதிகூட இல்லையே, நமக்கு மட்டும் ஏன் இந்தத் தடை என்பார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் நீதியிலிருந்தே வர வேண்டும். குறைவாக எரித்த நாட்டிலும், அதைவிடக் குறைவாக எரித்த டெல்டா விவசாயியும் கடற்கரை மீனவரும்தான் கடல்நீர் உள்ளேறுவதையும் சூடேறிய கடலில் வலுப்பெறும் புயலையும் தாங்குகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளைப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் யாரும் மறக்கவில்லை. லாபம் ஓரிடம், சுமை இன்னோரிடம் என்ற இந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்பதற்குப் பெயர்தான் காலநிலை நீதி. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். வயலில் நிற்கிறவரிடம் அரை மணி நேரம் கார்பன் பட்ஜெட் பாடம் எடுக்காதீர்கள்.

மனுக்களில் எழுத ஒரு தீர்ப்பும் இருக்கிறது. கானமயில் பாதுகாப்பு தொடர்பான எம்.கே. ரஞ்சித்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று, காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை 14, 21ஆம் பிரிவுகளுக்குள் அடங்கும் என்றது.

21 நாள் கெடு

இந்தியாவில் எண்ணெய்க் குழாய்க்கான சட்டம் 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் (நிலத்தில் பயன்பாட்டு உரிமை கையகப்படுத்தல்) சட்டம். இதன்படி நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும், பட்டா மாறாது. ஆனால் குழாய் போகும் பட்டையில் அவர் வீடு கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, மரம் வைக்க முடியாது. பயன்பாட்டு உரிமைக்கு இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. பயிர், மரச் சேதத்துக்குத் தனி இழப்பீடு உண்டு. தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் ஏன் கொதிக்கிறார் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கும்.

பிரிவு 3(1)இன் கீழ் மத்திய அரசு அரசிதழில் அறிவிப்பு வெளியிடும். அதன் பிறகு நிலத்தில் உரிமை உள்ளவர் 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தர வேண்டும் என்கிறது பிரிவு 5. ஆட்சேபம் தந்தவரைத் தகுதிபெற்ற அதிகாரி நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரித்தாக வேண்டும். பிறகு பிரிவு 6இன் கீழ் இறுதி அறிவிக்கை. முதல் அறிவிப்பிலிருந்து ஓராண்டுக்குள் அது வராவிட்டால் முதல் அறிவிப்பு செல்லாமல் போகும். குடியிருக்கும் வீடு, நிரந்தரக் கட்டடம், வீட்டைச் சேர்ந்த இடம் ஆகியவற்றின் கீழ் குழாய் பதிக்கக் கூடாது என்று பிரிவு 7 தடை போடுகிறது.

இந்த 21 நாள் ஏன் இவ்வளவு முக்கியம்? நெடுஞ்சாலைக்கும் சுரங்கத்துக்கும் நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் பெரும்பாலான குழாய்களுக்குக் கிடையாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழல் நுண்ணுணர்வுப் பகுதி வழியே போகும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்குத்தான் முன் அனுமதி வேண்டும். வயல் வழியே போகும் குழாய்க்கு அந்த வாசலே இல்லை. ஆக, விவசாயி சட்டப்படி பேச இருக்கும் முதல் வாய்ப்பு இந்த 21 நாள்தான். ஊரில் பலர் நோட்டீஸ் கைக்கு வரும்போதோ, பொக்லைன் வரப்பில் ஏறும்போதோதான் விஷயத்தை அறிகிறார்கள். அதற்குள் கெடு தாண்டியிருக்கும்.

வெளியிலிருந்து வரும் படித்த இளைஞர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இங்கேதான். அரசிதழ் அறிவிப்பைத் தேடி எடுங்கள். அதில் ஊர்வாரியாகச் சர்வே எண் இருக்கும். சிட்டா, அடங்கல், புலப்படத்தோடு அதை ஒப்பிடுங்கள். யார் யார் நிலம், எந்தக் கிணறு, எத்தனை மரம், வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி ஆட்சேப மனு தயாரியுங்கள். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மனு ஒரு மனுதான். தனித்தனியாகப் போனால் நூறு விசாரணை. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையோடு.

சர்வே எண்ணைச் சரிபார்ப்பது வெட்டி வேலையாகத் தெரியலாம். அளவில் ஒரு பிழை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். கனடாவின் பர்னபி மலையில் 2014 நவம்பரில் டிரான்ஸ் மவுன்டன் குழாய் விரிவாக்கத்தை எதிர்த்து நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நீதிமன்றத் தடையாணையை மீறினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் நீதிமன்றத்துக்குக் கொடுத்த ஜி.பி.எஸ். அளவுகளே தவறு என்று பிறகு தெரியவந்தது. அவமதிப்பு வழக்குகள் தள்ளுபடியாயின. 2018 ஆகஸ்டில் அதே திட்டத்தின் ஒப்புதலையே கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பூர்வகுடிகளை முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்பது ஒரு காரணம், கடல்வழிக் கப்பல் போக்குவரத்தின் பாதிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது இன்னொன்று. அதே ஆண்டு மார்ச்சில் அந்த மலையில் ஆயிரக்கணக்கானோர் பேரணி போயிருந்தார்கள். வெளியே கூட்டமும் உள்ளே வழக்கும் சேர்ந்து நடந்த ஆண்டு அது. ஆனாலும் 2019இல் அரசு மறுபடி ஒப்புதல் கொடுத்தது, 2024 மே 1 அன்று குழாய் ஓடத் தொடங்கியது. 540 கோடி டாலர் என்று போட்ட மதிப்பீடு சுமார் 3,400 கோடி கனடிய டாலராக ஏறியிருந்தது. எல்லாப் போராட்டமும் ஜெயிப்பதில்லை. தோற்ற போராட்டமும் அடுத்த குழாய்க்குப் பணம் போட நினைப்பவரை யோசிக்க வைக்கும்.

டெல்டாவுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் வந்துவிட்டதே, அங்கே குழாய் போட முடியாதே என்று மேடையில் முழங்காதீர்கள். புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வையும் துரப்பணத்தையும்தான் அந்தச் சட்டம் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவரும் பணிகளுக்கும் துறைமுகம், குழாய், சாலை போன்ற உள்கட்டமைப்புக்கும் அதில் விலக்கு இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவார். விலக்கை நீக்கக் கோருவதையே ஒரு கோரிக்கையாக வைக்கலாம்.

கிராம சபை, குறைதீர் கூட்டம், ஆர்.டி.ஐ.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழாய்ப் பாதையில் உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும் தீர்மானம் வரட்டும். தீர்மானம் தானாகத் திட்டத்தை நிறுத்தாது. ஆனால் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று நிறுவனம் சொல்ல முடியாதபடி செய்யும். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் திங்கட்கிழமை மனு நாளிலும் பதிவு செய்யுங்கள். பாதையை முடிவுசெய்த ஆய்வறிக்கை, மாற்றுப் பாதை பரிசீலனை, இழப்பீட்டுக் கணக்கு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால் அதைப் போராட்டம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

போகும் நாளுக்கு முன்

எந்த எல்லை வரை போவீர்கள் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்வது ஒன்று, அனுமதி இல்லாத பேரணியில் நடப்பது இன்னொன்று, பொக்லைன் முன்னால் உட்கார்வது வேறொன்று. மூன்றுக்கும் சட்ட விளைவு வேறுவேறு. அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருப்பவர், கைக்குழந்தையோடு இருப்பவர் பந்தலோடு நின்றுகொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. வழக்கு நிலுவையில் இருந்தால் காவல்துறைச் சரிபார்ப்பில் அது வரும். விண்ணப்பத்தில் மறைத்தால் அதுவே தனிச் சிக்கலாகும். அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

காவல்துறை அனுமதி இருக்கிறதா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். இடம், நேரம், தோராயமான ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றோடு சில நாட்கள் முன்னதாகவே மனு கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்க வேண்டும். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்ல வேண்டும். அந்த மறுப்போடு உயர் நீதிமன்றம் போனால் நிபந்தனைகளோடு அனுமதி கிடைப்பது உண்டு. மாவட்டத்தில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.இன் 163ஆம் பிரிவின் கீழ், அதாவது பழைய 144இன் கீழ், தடையுத்தரவு இருக்கிறதா என்பதையும் முந்தின நாளே விசாரியுங்கள்.

கையில் வேண்டியவை: தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அன்றாட மாத்திரையும் மருந்துச் சீட்டும், அடையாள அட்டை நகல், கொஞ்சம் சில்லறைப் பணம். சித்திரை வெயிலில் பந்தலில் மயங்கி விழுகிறவர்கள் உண்டு. வழக்கறிஞர் எண்ணையும் வீட்டு எண்ணையும் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்; கைபேசியை வாங்கி வைத்துவிட்டால் எண் நினைவுக்கு வராது. இலவச சட்ட உதவிக்கு 15100. கத்தி, பிளேடு, பெட்ரோல், தீப்பெட்டி எதுவும் பையில் இருக்கக் கூடாது. யாரோடு போய் யாரோடு திரும்புகிறீர்கள் என்பது முடிவாகியிருக்கட்டும். தனியாகப் போகாதீர்கள்.

களத்தில்

குழாயையோ வால்வு நிலையத்தையோ இயந்திரத்தையோ தொடாதீர்கள். குழாய்ப் பணியை வேண்டுமென்றே தடுப்பதே 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழாயைச் சேதப்படுத்தினால் பல ஆண்டுச் சிறை. 2011 திருத்தம் தண்டனைகளை மிகக் கடுமையாக்கியது. கூட்டத்தில் யாராவது கல்லை எடுத்தால் கையைப் பிடியுங்கள். கேட்கவில்லையென்றால் அவரிடமிருந்து விலகி உட்காருங்கள். ஒரு கல் விழுந்தால் அடுத்த நாள் செய்தி அந்தக் கல்லைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

கசிவு நடந்த இடத்துக்குப் போக நேர்ந்தால் வேறு விதி. காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது ஆவி உங்கள் மேல் வராத பக்கமாக, தூரத்தில் நில்லுங்கள். பீடி, சிகரெட், வண்டி ஸ்டார்ட் செய்வது எதுவும் கூடாது. செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கதிராமங்கலத்தில் கசிவுக்குப் பிறகு வைக்கோல் எரிந்ததும் தடியடி தொடங்கியது. ஊர் மக்கள்மேல் பழி விழவும் கைது நடக்கவும் அந்தத் தீ காரணமானது. பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்ட பத்துப் பேர் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகே ஜாமீனில் வந்தார்கள்.

படம் எடுங்கள், ஆனால் யோசித்து எடுங்கள். அதிகாரி நடந்துகொள்ளும் விதம், நோட்டீஸ், இயந்திரம் நிற்கும் இடம், வெட்டிய மரம் எல்லாம் சாட்சி. ஊர்ப் பெண்களின் முகத்தை அவர்கள் சம்மதமில்லாமல் நேரலையில் போடாதீர்கள். வதந்தியைப் பகிராதீர்கள். துண்டறிக்கை என்றாலும் வாசித்துவிட்டுக் கொடுங்கள். நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி ஒருவர்மேல் 2017 ஜூலையில் குண்டர் சட்டமே பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நியாயம் கிடைத்தது உண்மைதான். அதற்குள் சிறையில் கழிந்த நாட்கள் திரும்பி வரவில்லை.

கைது செய்தால்

தமிழ்நாட்டில் வழக்கமாக நடப்பது இதுதான்: போலீஸ் வேனில் ஏற்றி ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, பெயர், முகவரி, தகப்பன் பெயர் எழுதிக்கொண்டு, மாலையில் விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டார்கள் என்பதால் வழக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டவிரோதக் கூட்டம், பொது ஊழியரின் உத்தரவை மீறுதல் என்ற பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கலாம். சில நாட்கள் கழித்துக் காவல்துறை இணையதளத்தில் தேடிப் பாருங்கள். உத்தரவை மீறிய குற்றத்துக்குச் சம்பந்தப்பட்ட அதிகாரியே நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும், போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைதிப் போராட்டக்காரர்கள்மேல் போட்ட வழக்குகள் பல ரத்தாவதற்கு அதுவே வழி திறந்தது.

வேனில் ஏற்றும்போது உடலால் எதிர்க்காதீர்கள். இழுபறியே பொது ஊழியரைத் தாக்கிய வழக்காக மாறும். பெயரும் முகவரியும் சொல்லுங்கள். மற்றதை வழக்கறிஞர் வந்த பிறகு பேசலாம். படித்துப் பார்க்காமலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். முறையான கைது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள் (பி.என்.எஸ்.எஸ். 47). உறவினருக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள் (48). விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம் (38). மருத்துவப் பரிசோதனை உண்டு (53). அடி பட்டிருந்தால் அப்போதே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் (58). அவர் கேட்காவிட்டாலும் அடித்ததைச் சொல்லுங்கள். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலையில் பெண் காவலர் எழுத்தில் அறிக்கை தந்து மாஜிஸ்திரேட் அனுமதி பெற வேண்டும் (43(5)). கைபேசியின் கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டு வைத்திருங்கள். வழக்கறிஞரைக் கேட்காமல் அதைத் திறந்து கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள் அங்கே நடக்கும் குழாய் எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் போவதாக இருந்தால் விசாவை மறக்காதீர்கள். அந்த நாட்டுக் குடிமகனுக்கு ஒரு கைது அபராதத்தோடு முடியலாம். மாணவர் விசாவில் இருப்பவருக்கு விசாவே போகலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் கைதாகும் வகைப் போராட்டத்தில் உட்காராதீர்கள். அனுமதி பெற்ற பேரணியில் நடக்கலாம், மொழிபெயர்க்கலாம், சமைக்கலாம், வழக்குச் செலவுக்கு வசூலிக்கலாம். இங்குள்ள போராட்டத்துக்குப் பணம் அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், தருவது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாத குழுவின் கணக்கில் அது விழுந்தால் போராட்டத்தையே முடக்க அது ஒன்று போதும்.

களத்துக்கு வர முடியாதவர்கள்

குழாய்க்குக் கடன் வேண்டும், காப்பீடு வேண்டும். உகாண்டாவிலிருந்து தான்சானியக் கடற்கரை வரை 1,443 கி.மீ. போகும் கிழக்கு ஆப்பிரிக்கக் கச்சா எண்ணெய்க் குழாய்க்குப் பல பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஆதரவு தர மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டன. உலகம் முழுவதும் வாடிக்கையாளர்களும் மாணவர்களும் கொடுத்த அழுத்தம் அதற்கு ஒரு காரணம். உங்கள் வங்கி எதற்குக் கடன் தருகிறது என்று கேட்கும் கடிதம் எழுத வயலுக்கு வர வேண்டியதில்லை. சர்வே எண் ஒப்பிடுவது, ஆர்.டி.ஐ. எழுதுவது, அரசிதழ் ஆங்கிலத்தைத் தமிழில் ஊருக்குப் புரியவைப்பது எல்லாம் வீட்டிலிருந்தே செய்யலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பந்தலுக்கு ஒரு நாள் வந்துபோகிறவர்கள் எப்போதும் நிறையப் பேர். வாய்தா நாளில் நீதிமன்ற வாசலில் நிற்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். வழக்கு வாங்கிய விவசாயி விதைப்பையும் அறுப்பையும் விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைகிறார். நீங்கள் போராட்டத்துக்குப் போனால் அவருடைய வழக்கு எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வாய்தாவுக்கும் போங்கள்.